பேசியதற்குப் பத்து, சோறு போட்டதற்கு இருபது

1908 ஜூலையில் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே துரை ஒரு கணக்குப் போட்டார். மேடையில் பேசிய சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்து வருஷம். அதே மேடைகளில் தானும் பேசிய வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இருபது வருஷம். அதோடு விட்டாரா? சிவாவுக்கு இடம் கொடுத்துச் சோறு போட்டு உடந்தையாக இருந்ததற்காக வ.உ.சி.க்கு இன்னும் ஓர் இருபது. ஆகமொத்தம், சிவா பேசியதைவிட சிவா சாப்பிட்டது இரண்டு மடங்கு குற்றம். தூத்துக்குடிச் சாப்பாட்டில் காரம் தூக்கல்தான். ஆனாலும் அதில் சாம்ராஜ்யத்துக்கே கண்ணில் நீர் வரும் என்று கண்டுபிடித்தவர் பின்ஹே ஒருவரே.

கைதுக்கு முந்தைய கடைசிக் கூட்டங்கள் எதற்காகக் கூடின தெரியுமா? வங்காளத்து விபின் சந்திர பாலர் ஜெயிலிலிருந்து விடுதலையானதைக் கொண்டாட. ஒருவர் வெளியே வந்ததைக் கொண்டாடப் போய் இருவர் உள்ளே போனார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தபோது வாசலில் பெரிய கூட்டமில்லை. கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்று ஊருக்குப் புரிந்திருந்தது.

சட்டங்களை இங்கிலீஷில் எழுதுவது அரசாங்கத்தின் வேலை. அவற்றுக்குப் பெயர் வைப்பது டீக்கடையின் வேலை. ஜெயிலுக்கு 'மாமியார் வீடு', ஜெயில் வாசத்துக்குக் 'களி தின்பது', 'கம்பி எண்ணுவது', பேசக் கூடாது என்ற உத்தரவுக்கு 'வாய்ப்பூட்டு' எல்லாம் இப்படி வந்தவை. இதில் வாய்ப்பூட்டு சுவாரஸ்யமானது. முருகனுக்கு நேர்ந்துகொண்ட பக்தர் மௌன விரதமாக, தானே விரும்பி அலகு குத்திக்கொள்வதற்கும் அதே பெயர்தான். அரசாங்கம் போடும் பூட்டிலும் அந்தப் பக்தி இருக்கிறது. யார் மீது பக்தி என்பதுதான் தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிறது.

பெரிய வாய்ப்பூட்டுச் சட்டம் ஒன்று 1878-ல் வந்தது. லிட்டன் பிரபு நாட்டு மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும் போட்டது. இங்கிலீஷில் திட்டினால் பரவாயில்லை, அது துரைமார் வீட்டுச் சண்டை. வங்காளியில் திட்டினால் குற்றம். இதில் நாம் தலைகுனிய வேண்டிய தகவல் ஒன்று உண்டு: சென்னை மாகாணத்துக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். பூட்டுகிற அளவுக்கு இங்கே யாருக்கும் வாய் இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ. இப்படி ஓர் அவமானத்தை எந்தச் சமூகமும் தாங்காது. அடுத்த நூறு வருஷத்தில் நாம் அதற்கு வட்டியும் முதலுமாக ஈடுகட்டியதைத்தான் இனி பார்க்கப் போகிறோம். சட்டத்தை ரத்து செய்த ரிப்பன் பிரபுவின் பெயரில் நம் மாநகராட்சிக்கு மாளிகை இருக்கிறது. பூட்டிய லிட்டன் பெயரில் கட்டடம் ஏதும் கட்டவில்லை. சட்டசபைக்கு வைத்திருக்கலாம், பொருத்தமாக இருந்திருக்கும்.

வெள்ளைக்காரர் காலத்துப் பத்திரிகைகளில் இரண்டு விதமான ஆசிரியர்கள் இருந்தார்கள். எழுதுகிற ஆசிரியர், உள்ளே போகிற ஆசிரியர். 'இந்தியா' பத்திரிகையில் எழுதியவர் பாரதி. சர்க்கார் பதிவேட்டில் பெயர் இருந்தது எம். சீனிவாசன் என்பவருக்கு. 1908-ல் வாரண்ட் வந்தபோது பதிவேட்டைப் பார்த்தார்கள், சீனிவாசனைப் பிடித்தார்கள், ஐந்து வருஷம் கொடுத்தார்கள். பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். பத்திரிகையும் பின்னாலேயே போயிற்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி, அங்கே நம் போலீசுக்கு உரிமை கிடையாது. ஆகவே பாரதி வீட்டுத் தெருவில் ஒற்றர்கள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டாயிரத்துப் பதினெட்டில் இந்தச் சீனிவாசன் வேறொரு வேஷத்தில் திரும்பி வருவார், பொறுங்கள்.

1910-ல் புதிய அச்சகச் சட்டம். பத்திரிகை நடத்த வேண்டுமா? முதலில் ஜாமீன் தொகை கட்டு. சென்னையில் வாடகைக்கு வீடு எடுக்கிறவன் கொடுக்கிற அட்வான்ஸ் மாதிரி. சுவரில் ஆணி அடித்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். அன்னி பெசன்ட் அம்மையார் 1916-ல் 'நியூ இந்தியா'வுக்கு இரண்டாயிரம் ரூபாய் கட்டினார். ஆணி அடித்துக்கொண்டே இருந்தார். இரண்டாயிரமும் பறிபோனது. பத்தாயிரம் கட்டு என்றார்கள். மறுவருஷம் அவரையே ஊட்டியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஜூன் மாதத்தில் ஊட்டிக்கு அனுப்புவது தண்டனை என்று நினைக்க வெள்ளைக்காரனால்தான் முடியும். அம்மையார் அங்கேயும் சுயாட்சிக் கொடியை ஏற்றி வைத்தார்.

ஈரோட்டுக்காரர் வழி வேறு. 1933-ல் 'குடி அரசு' இதழில் இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும் என்று பெரியார் தலையங்கம் எழுதினார். எழுதியவரையும் உள்ளே வைத்தார்கள், வெளியீட்டாளராக இருந்த அவர் தங்கை கண்ணம்மாளையும் உள்ளே வைத்தார்கள். 'குடி அரசு' நின்றது, 'புரட்சி' வந்தது. 'புரட்சி'க்கு நெருக்கடி வந்தது, 'பகுத்தறிவு' வந்தது. போலீஸ்காரர் ஒரு பெயரை எழுதி முடிப்பதற்குள் அடுத்த பெயர். பின்னாளில் எம்.ஆர். ராதா நாடகத்துக்குத் தடை வந்தால், பெயரை மாற்றி அதே நாடகத்தைப் போடுவார் என்பார்கள். ஒரே ஊர்த் தண்ணீர் இல்லை, ஆனால் ஒரே பள்ளிக்கூடம்.

நாடக மேடையில் விஸ்வநாத தாஸ் கொக்கைப் பற்றிப் பாடினார். வேலன் வேஷத்தில் வந்து கொக்கைப் பாடுவதில் ஒன்றுமில்லை, தினைப்புனம் என்றால் பறவை வரும். ஆனால் அந்தக் கொக்கு வெள்ளைக் கொக்கு. கடல் தாண்டி வந்து மீனைக் கொத்துகிற கொக்கு. கீழே உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டருக்கும் புரிந்தது, டிக்கெட் வாங்கிய கூட்டத்துக்கும் புரிந்தது. புரிந்ததை எப்படி எஃப்.ஐ.ஆரில் எழுதுவது என்பதுதான் சிக்கல். கொக்கு என்று சொன்னது எங்கள் அரசரைத்தான் என்று போலீஸே கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தார்கள். திரும்பத் திரும்பக் கைது செய்தார்கள். அவரோ 1940-ஆம் வருஷத்தின் கடைசி இரவில் சென்னையில் மேடையிலேயே உயிரைவிட்டார், முருகன் வேஷத்தோடு.

சரி, வெள்ளைக் கொக்கு பறந்துவிட்டது. 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் வந்தது. 19-வது பிரிவு: எல்லாருக்கும் பேச்சுரிமை. நாடு கைதட்டியது. சென்னை அரசாங்கம் மட்டும் கைதட்டிக்கொண்டே காலண்டரைப் பார்த்தது. மார்ச் 1-ஆம் தேதி, குடியரசுக்கு ஐந்து வாரம்கூட நிறையவில்லை, பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. தாப்பர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே மாதம் ஜெயித்தார். பொது ஒழுங்கு என்ற பெயரில் பேச்சைத் தடுக்க அரசியல் சட்டத்தில் இடமில்லையே என்றது நீதிமன்றம்.

இடமில்லையா? இடம் போட்டுவிட்டால் போகிறது. 1951 ஜூனில், முதல் பொதுத்தேர்தல்கூட நடப்பதற்கு முன், முதல் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு உள்ளே வந்தது, அன்னிய நாட்டு நட்பு உள்ளே வந்தது, 'நியாயமான கட்டுப்பாடுகள்' என்ற அழகான சொற்றொடரும் உள்ளே வந்தது. அமெரிக்காக்காரர்கள் தங்கள் முதல் திருத்தத்தில் பேச்சைத் தொடாதே என்று எழுதிக்கொண்டார்கள். நாம் நம் முதல் திருத்தத்தில் எங்கெங்கே தொடலாம் என்று எழுதிக்கொண்டோம். அதற்குக் காரணமான வழக்குகளில் முக்கியமான ஒன்றை அனுப்பிவைத்த பெருமை சென்னை மாகாணத்தைச் சேரும். லிட்டன் இதைப் பார்த்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

ஒரு தடவை போதாது என்று இன்னொரு தடவையும் உதவினோம். 'அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு' என்று தி.மு.க. மேடைகளில் முழங்கியது. 1963-ல் பதினாறாவது திருத்தம் வந்தது. இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற இரண்டும் 19-வது பிரிவின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. மாநிலங்களவையில் அண்ணா எதிர்த்துப் பேசிப் பார்த்தார். அந்த வருஷமே கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. சுடுகாட்டுக்கும் போகவில்லை. 1967-ல் கோட்டைக்குப் போனார்கள், அது இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருந்தது. ஆக, இந்தியாவில் எந்த மூலையில் யார் வாயைத் திறந்தாலும் எதிரே நிற்கும் கம்பிகளில் சில சென்னைச் சரக்கு. இதற்கு நாம் புவிசார் குறியீடு கேட்டிருக்கலாம்.

1975 ஜூன் 25 நள்ளிரவுக்கு முன் நெருக்கடி நிலை. தணிக்கை அதிகாரிகள் பத்திரிகை அலுவலகங்களில் வந்து உட்கார்ந்தார்கள். காந்தி, தாகூர், நேரு சுதந்திரத்தைப் பற்றிச் சொன்ன மேற்கோள்களையே போடக் கூடாது என்றார்கள். நேரு சொன்னதை நேருவின் மகள் ஆட்சியில் போட முடியாது. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெள்ளையாக விட்டது. பிறகு வெள்ளையாக விடவும் தடை. எழுதாமல் இருப்பதும் எழுத்துதான் என்று இலக்கிய விமர்சகர்களுக்கு முன்னால் கண்டுபிடித்தது தணிக்கைத் துறை.

சென்னையில் 'துக்ளக்' கறுப்பு அட்டையோடு வந்தது. அரசியல் எழுதாதே என்றார்கள். அதன் ஆசிரியர் சோ சினிமா விமர்சனம் எழுதினார். படம், எம்.ஜி.ஆர். நடித்து 1951-ல் வந்த 'சர்வாதிகாரி'. கால் நூற்றாண்டு பழைய படத்துக்கு இப்போது ஏன் விமர்சனம் என்று தணிக்கை அதிகாரி கேட்டால், அந்தக் கேள்விக்கான பதிலையும் அவரேதான் சொல்ல வேண்டியிருக்கும். கொக்கு விஷயத்தில் போலீசுக்கு வந்த அதே சங்கடம்.

1976 ஜனவரி 31-ல் கருணாநிதி ஆட்சி கலைந்தது. அன்றிரவே மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் வேட்டை. கைதானவர்கள் பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது. மூன்றாவது நாள், பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். 'முரசொலி'யில் ஒரு பட்டியல் வந்தது: அண்ணா சமாதிக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள், மாவட்டவாரியாக. அவ்வளவுதான். ஏன் வர இயலாது என்று ஒரு வார்த்தை இல்லை. உடம்பு சரியில்லையோ, பஸ் கிடைக்கவில்லையோ. தொண்டர்கள் தங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் படித்துக்கொண்டார்கள். எதைக் கொடுத்தாலும் தணிக்கையில் வெட்டுகிறார்களே என்று விளக்கெண்ணெய் சூட்டைத் தணிக்கும், வெண்டைக்காய் உடம்புக்கு நல்லது என்று 'முரசொலி'யில் செய்தி போட்ட கதையையும் கழகத்து முதியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். சென்னைச் சிறையில் அடிபட்டு உடல் நொந்து போன கழகத்தவர் சிட்டிபாபுவைப் பற்றிப் பேச்சு வந்தால் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். நானும் இந்த ஒரு வரிக்கு நிறுத்திக்கொள்கிறேன்.

மிசா போனது, ஆனால் சொல் போகவில்லை. பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் பட்டமாக ஆனது. எம்.ஏ. படித்தவரைவிட மிசா பார்த்தவருக்குக் கட்சியில் சீட்டு சீக்கிரம் கிடைத்தது. பிறகு பயங்கரவாதத் தடுப்பு என்ற பெயரில் தடா வந்தது, பொடா வந்தது. டில்லிக்காரர்கள் இங்கிலீஷ் எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைப்பார்கள், அது தமிழில் வந்து தானாக அர்த்தம் கொள்ளும். பொடாவைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னால் சட்டத்தின் முழு உள்ளடக்கமும் வந்துவிடும்.

பொடா மசோதா 2002 மார்ச்சில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரித்துப் பேசியவர்களில் வைகோவும் ஒருவர். ஜூன் கடைசியில் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலையில் அமெரிக்காவிலிருந்து திரும்பியவரை விமான நிலையத்திலேயே ஜெயலலிதா அரசு கைது செய்தது. எந்தச் சட்டத்தில் என்று சொல்ல வேண்டுமா? வேலூரில் பத்தொன்பது மாதம். வெளியே வந்தார், 2006 தேர்தலில் ஜெயலலிதாவோடு கூட்டணி வைத்தார். தமிழ்நாட்டு அரசியலில் களி தின்றவர்கள் யாரும் சமையல்காரர் மீது கோபத்தை நெடுநாள் வைத்துக்கொள்வதில்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் 1987-ஐ விட்டுவிட்டால் இந்த வரலாற்றுக்கு உப்பு இல்லை. அந்த மார்ச்சில் 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருவர். ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி. சட்டசபை கொதித்தது. இத்தனைக்கும் ஜோக்கில் எந்த எம்.எல்.ஏ. பெயரும் இல்லை. தன் முகம் மாதிரியே இருக்கிறது என்று அவர்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அப்போதைய சபாநாயகர் பி.எச். பாண்டியன். சபாநாயகருக்கு 'வானளாவிய அதிகாரம்' உண்டு என்று சொல்லித் தமிழுக்கு ஒரு மரபுத்தொடரைக் கொடையளித்தவர். முந்தின வருஷம்தான் அரசியல் சட்ட நகலை எரித்த விவகாரத்தில் க. அன்பழகன் உட்பட பத்து தி.மு.க. எம்.எல்.ஏ.க்களின் பதவி பறிபோயிருந்தது. வானத்தில் இன்னும் இடம் மிச்சம் இருந்தது.

முன்பக்கத்தில் மன்னிப்புக் கேள் என்றார்கள். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் ஜோக்குக்கு மன்னிப்பா என்று மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல். நாடு முழுக்கப் பத்திரிகைகள் கூச்சல் போட, சில நாளிலேயே எம்.ஜி.ஆர். அரசு வெளியே விட்டது. விகடன் வாசகர் அல்லாதவர்களும் அந்த ஜோக்கைத் தேடிப் படித்தார்கள். ஒரு சுமாரான ஜோக்கை அமரத்துவம் அடையச் செய்த ஒரே சட்டசபை நம்முடையது. பாலசுப்ரமணியன் வழக்குப் போட்டார். பல வருஷம் கழித்து உயர் நீதிமன்றம் கைது தவறு என்று சொல்லி ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அதை அவர் செலவழிக்கவில்லை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார். வானளாவிய அதிகாரத்தின் விலை ஆயிரம் ரூபாய் என்று சுவரில் எழுதி வைத்த மாதிரி.

இந்தப் பாடம் சட்டசபைக்கு ஏறியதா? 2003 நவம்பரில் 'தி இந்து' நாளிதழைச் சேர்ந்த ஐந்து பேருக்குப் பதினைந்து நாள் சிறை என்று அதே சபை தீர்ப்புச் சொன்னது. குற்றங்களில் ஒன்று, ஏப்ரலில் வந்த தலையங்கம். அதன் தலைப்பு, பெருகிவரும் சகிப்பின்மை என்று பொருள்படும். தலையங்கத்தைச் சபை மறுக்கவில்லை, நிரூபித்தது. அதைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிட்டதற்காக 'முரசொலி' ஆசிரியர் செல்வத்துக்கும் அதே பதினைந்து நாள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இவ்வளவு கறாராகச் சம அந்தஸ்து கொடுத்த நிகழ்ச்சி ஆட்சிமொழி வரலாற்றில் வேறு இல்லை. மூன்றாவது நாள் உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

இதெல்லாம் மேல்தட்டு. சாதாரணப் பேச்சாளனுக்கும் உள்ளூர் நிருபருக்கும் சட்டசபை வரை போகும் யோகம் இல்லை. அவனுக்குத் தொண்ணூறுகளில் ஆட்டோ வந்தது. 'ரொம்பப் பேசாதே, வீட்டுக்கு ஆட்டோ வரும்.' சவாரிக்கு வரும் ஆட்டோ இல்லை. அதில் நாலு பேர் இருப்பார்கள், மீட்டர் போட மாட்டார்கள். பொருளாதாரம் வளர்ந்த பிறகு ஆட்டோ போய் டாடா சுமோ வந்தது. எந்தக் கட்சி ஆட்டோ என்று கேட்கிறீர்கள். நான் சொல்ல மாட்டேன், சொன்னால் வரும். இதே தொண்ணூறுகளில்தான் தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடப் போக, சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்க்க, அச்சாவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக இருக்கும் தீர்ப்பு. பேச்சுரிமைக்கு ஆதரவாக ஓடிய ஒரே ஆட்டோ அது.

அப்புறம் கஞ்சா. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பது பழைய மொழி. மடியில் ஒன்றும் இல்லையா, 'கஞ்சா கேஸ் போட்டுருவாங்க' என்பது புதிய மொழி. கூடவே குண்டாஸ். 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளச்சாராயக்காரர்களுக்கும் குண்டர்களுக்கும் போட்ட சட்டம் அது. 2004-ல் திருட்டு வி.சி.டி.காரர்களைச் சேர்த்தார்கள், 2014-ல் இணையக் குற்றவாளிகளைச் சேர்த்தார்கள். 2024-ல் யூடியூபர் சவுக்கு சங்கர் பெண் போலீசாரைப் பற்றிப் பேசியதற்காகக் கைதானார். அதோடு ஒரு கஞ்சா வழக்கு, மேலே குண்டாஸ். அவர் பேசியது பேசக்கூடிய பேச்சுதானா என்பது வேறு விஷயம். குண்டாஸை ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆட்சியில் இருந்தது மிசாவில் மலர் வளையம் வைக்க வர இயலாமல் போனவர்களின் கட்சி.

சீனிவாசனுக்கு வருவோம். 2018 மார்ச்சில் பெரியார் சிலையைப் பற்றி பா.ஜ.க.வின் எச். ராஜா முகநூல் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. தமிழ்நாடு கொதித்தது. பதிவு காணாமல் போனது. என் அனுமதியில்லாமல் அட்மின் போட்டுவிட்டார் என்று விளக்கம் வந்தது. அன்றிலிருந்து அட்மின் தமிழ் அரசியலின் நிரந்தர உறுப்பினர். எல்லாக் கட்சியிலும் இருக்கிறார், யாரும் பார்த்ததில்லை. அடுத்த மாதமே எஸ்.வி. சேகர் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு பதிவைப் பகிர்ந்துவிட்டு, படிக்காமல் ஃபார்வர்ட் செய்துவிட்டேன் என்றார். 1908-ல் எழுதாதவர் தன் பெயரைக் கொடுத்துவிட்டு ஐந்து வருஷம் உள்ளே போனார். இப்போது பெயர் இருக்கிறவர் நான் எழுதவில்லை என்கிறார், எழுதியவருக்குப் பெயரே இல்லை. சீனிவாசனின் தண்டனைக் காலத்தில் ஒரு நாளைக்குக்கூட எந்த அட்மினும் களி தின்றதாகத் தகவல் இல்லை.

வ.உ.சி.யை உள்ளே வைத்த ராஜத்துரோகப் பிரிவான 124-ஏ-யை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1-ல் புதிய பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதில் ராஜத்துரோகம் என்ற சொல் இல்லை, 152-வது பிரிவு இருக்கிறது. பழைய பிரிவில் ஆயுள் தண்டனை, இல்லாவிட்டால் மூன்று வருஷம் வரை. புதிய பிரிவில் ஆயுள் தண்டனை, இல்லாவிட்டால் ஏழு வருஷம் வரை. இதற்கு டீக்கடையில் இன்னும் பெயர் வைக்கவில்லை. நல்ல பெயர் தோன்றினால் வாசகர்கள் சொல்லலாம். எழுதி அனுப்ப வேண்டாம், நேரில் வந்து சொல்லுங்கள். சோறு மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.